குத்துச்சண்டையா, கராத்தேயா, ஜூடோவா, சிலம்பமா: பிள்ளையை எதில் சேர்ப்பது?

பெரம்பூரில் இருக்கும் என் அக்கா மகளுக்கு 12 வயது முடிந்திருக்கிறது. அவளை ஏதாவது ஒரு தற்காப்புக் கலையில் சேர்த்துவிட வேண்டும் என்று முடிவெடுத்த அக்கா, எதில் சேர்ப்பது என்பதை மட்டும் என் பொறுப்பில் விட்டார். அவர்கள் தெருமுனையில் ஒரு மொட்டை மாடியில் வாரம் மூன்று நாள் கராத்தே நடக்கிறது. இரண்டு தெரு தள்ளி மாநகராட்சிப் பூங்காவில் விடியற்காலையில் சிலம்பம். பேருந்தில் இருபது நிமிடம் போனால் குத்துச்சண்டைக் கூடம். அதைவிடச் சற்று அதிகத் தொலைவில் ஒரு ஜூடோ வகுப்பு. பள்ளிக் காலத்தில் கராத்தேயில் கறுப்புப் பட்டை வரை போய், இருபதுகளில் நான்கு ஆண்டுகள் குத்துச்சண்டை பழகி, முப்பது வயதுக்குப் பிறகு, தரையில் பிடித்து மடக்கும் கலையான ஜியு-ஜிட்சுவுக்கு வந்தவன் நான் என்பதால், இதற்கு உடனே பதில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சொல்ல முடியவில்லை. மூன்று வாரங்கள் அந்த நான்கு இடங்களிலும் ஓரமாக உட்கார்ந்து பார்த்த பிறகே எனக்கு ஒரு தெளிவு வந்தது.

பொதுவாக இந்தத் தேர்வைச் செய்யும்போது பெற்றோர் கேட்கும் கேள்விகள் இரண்டு. எது வலிமையான கலை என்பது ஒன்று, எது பழமையான கலை என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு நம் ஊரில் போதிதர்மர் கதை உடனடியாக வந்துவிடும். காஞ்சியிலிருந்து போனவர் ஷாவோலினில் சண்டைக்கலை கற்பித்தார் என்ற செய்தி, அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தி, 17ஆம் நூற்றாண்டில் தோன்றிய ஒரு நூலிலிருந்து பரவியது. அதை நம்பி ஒரு பிள்ளையை எந்த வகுப்பிலும் சேர்க்க முடியாது. ஒரு கலை எத்தனை நூற்றாண்டு பழையதாக இருந்தாலும், இன்று மாலை ஆறு மணிக்கு அந்த மொட்டை மாடியில் என்ன நடக்கிறது என்பதுதான் பிள்ளையின் உடலில் போய்ச் சேரும்.

நான் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பதை ஜூடோவின் வரலாறு எனக்குக் கற்றுத் தந்தது. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவில் ஒரு கோயில் வளாகத்தில் ஒரு சில மாணவர்களை வைத்துக்கொண்டு கொடோகான் என்ற தம் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியபோது, ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக்கலையிலிருந்த அடி, உதை, விரல் முறிப்பு முதலிய ஆபத்தான உத்திகளை மோதல் பயிற்சியிலிருந்து விலக்கி, அவற்றைக் 'கட்டா' எனப்படும் வரிசைப் பயிற்சிக்குள் மட்டும் வைத்தார். கேட்பதற்கு இது கலையை நீர்த்துப்போகச் செய்ததுபோல் தோன்றும். நடந்தது நேர்மாறானது. ஆபத்தானவை விலகியதால், மிச்சமிருந்ததை மாணவர்கள் முழு பலத்தோடு, எதிர்க்கும் ஆள்மீது, நாள்தோறும் பழக முடிந்தது. கண்ணைக் குத்தும் உத்தியை ஆயிரம் முறை காற்றில் செய்பவரைவிட, ஒரே ஒரு தூக்கியெறிதலை ஆயிரம் முறை எதிர்ப்புக்கு நடுவே செய்தவருக்கு அது நிச்சயமாகக் கைவரும்.

எல்லாக் கலைகளும் தம் ஸ்பாரிங்கில், அதாவது எதிராளியோடு செய்யும் மோதல் பயிற்சியில், எதையோ ஒன்றைத் தடை செய்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ஒரு வாரத்துக்கு மேல் யாரும் பழக முடியாது. அந்தத் தடை எது என்பதுதான், அந்தக் கலை பழகுகிறவருக்கு எதைக் கொடுக்கும், எதை மறக்கச் செய்யும், எந்த உறுப்பை விலையாகக் கேட்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே நான்கு வகுப்புகளையும் இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தேன்.

கராத்தேயிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சென்னையில் மிக எளிதாகக் கிடைப்பது அதுதான். பள்ளிகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் பூங்காக்களிலும் வகுப்பு இல்லாத பேட்டை இல்லை. உலகக் கராத்தேக் கூட்டமைப்பின் விதிப்படி குத்துக்கு 1 புள்ளி, உடலில் விழும் உதைக்கு 2, தலையைத் தொடும் உதைக்கு 3. முகத்துக்குப் போகும் அடி கட்டுப்பாட்டோடு நிறுத்தப்பட வேண்டும். அடி சரியாக விழுந்தவுடன் நடுவர் நிறுத்திவிடுவார். இந்த விதி பிள்ளைகளுக்குத் தூரத்தைக் கணிக்கும் கண்ணையும், ஒரே பாய்ச்சலில் உள்ளே போய்த் திரும்பும் காலையும் தருகிறது. இதில் கராத்தேயை நான் எப்போதும் மதிப்பேன். ஆனால் அடி விழுந்த பிறகு என்ன நடக்கும் என்பதை அது கற்பிப்பதில்லை. எல்லாக் கராத்தேயும் இப்படி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மசுதாட்சு ஓயாமா உருவாக்கிய கியோகுஷினில் முழு பலத்தோடு அடிப்பார்கள், ஆனால் கையால் முகத்தில் அடிப்பதற்குத் தடை. அதனால் அங்கே பழகியவர்களுக்கு உடல் இரும்பாக இருக்கும், முகத்தைக் காக்கும் பழக்கம் குறைவாக இருக்கும்.

அந்த மொட்டை மாடி வகுப்பில் நான் உட்கார்ந்திருந்த ஆறு நாட்களில் ஒரு நாள்கூட இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நின்று ஸ்பாரிங் செய்யவில்லை. வரிசையில் நின்று கட்டா செய்தார்கள், பட்டைத் தேர்வுக்கான தேதியும் கட்டணமும் அறிவிக்கப்பட்டன, மீண்டும் கட்டா செய்தார்கள். பயிற்சி தரும் மாஸ்டர் அன்பானவர், பிள்ளைகள் ஒழுங்காக இருந்தார்கள். ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒரு நிறத்தில் பட்டை மாறிக்கொண்டே போகும்போது, அந்த நிறம் எதைச் சோதித்துக் கொடுக்கப்பட்டது என்ற கேள்வி எனக்கு எழுந்தது. என் கறுப்புப் பட்டையும் ஏறக்குறைய இப்படி வந்ததுதான்.

அது எதற்கு உதவியது என்பதை வடசென்னையின் ஒரு குத்துச்சண்டைக் கூடத்தில் தெரிந்துகொண்டேன். ஒரு காலத்தில் குத்துச்சண்டைக் குழுக்கள் தங்கள் பரம்பரைப் பெயர் சொல்லி மோதிய பகுதி அது. கூரை தகரம், தரை சிமெண்ட், தொங்கிய பைகளில் பாதி ஒட்டுப்போட்டவை. முதல் மாதம் முழுவதும் மாஸ்டர் என்னை ரிங்குக்குள் விடவில்லை. கைக்குப் பேண்டேஜ் சுற்றுவதையே மூன்று நாள் திருத்தினார். மணிக்கட்டில் மூன்று சுற்று, முட்டியில் மூன்று சுற்று, பிறகு விரலிடுக்குகளுக்கு நடுவே குறுக்காகக் கொண்டுவந்து கட்டைவிரலைப் பூட்டி, கையை மூடிப் பார்த்தால் இறுக வேண்டும், விரித்துப் பார்த்தால் ரத்தம் ஓட வேண்டும். இரண்டாவது மாதம், என்னைவிடப் பத்துக் கிலோ குறைந்த, பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த ஒரு பையனோடு நிற்க வைத்தார். கராத்தேப் பழக்கத்தில் என் வலது கை இடுப்பருகே இருந்தது. அவன் இடது கையால் நேராக நீட்டிய முதல் ஜாப் என் மூக்கில் பட்டது. நடுவர் நிறுத்துவார் என்று என் உடல் ஒரு நொடி காத்திருந்தது. யாரும் நிறுத்தவில்லை, இரண்டாவதும் மூன்றாவதும் அதே இடத்தில் விழுந்தன. அந்த ஒரு நொடிக் காத்திருப்பு, என் பழைய கலையின் தடை என் நரம்பில் எழுதி வைத்திருந்தது.

குத்துச்சண்டை கால்களையும் பிடிகளையும் முழுவதுமாக விலக்கிவிட்டு, இரண்டு கைகளை மட்டும் வைத்துக்கொள்கிறது. இந்தக் குறுகல்தான் அதன் பெரும் பலம். ஜாப், கிராஸ், ஹூக், அப்பர்கட் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய அடிகளை வாரத்துக்குப் பல மணி நேரம் எதிராளியோடு பழகுவதால், ஓர் ஆண்டில் அவை பேச்சைப் போல வந்துவிடும். 3 நிமிடம், 1 நிமிட ஓய்வு, மறுபடி 3 நிமிடம் என்று மூன்று சுற்று முடிக்கும் நுரையீரலும், அடிபட்ட பிறகும் கண்ணை மூடாமல் இருக்கும் மனமும் வேறு எந்தக் கலையிலும் எனக்கு இவ்வளவு விரைவாக வந்ததில்லை. செலவும் குறைவு, பழைய கூடங்கள் பலவற்றில் பேண்டேஜும் மவுத்கார்டும் சொந்தமாக இருந்தால் போதும். பெண்களுக்கு இது பொருந்தாது என்ற பேச்சை 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை முதன்முறையாக இடம்பெற்று, அதிலேயே மேரி கோம் வெண்கலம் வென்றபோதே விட்டிருக்க வேண்டும்.

விலை தலைதான். குத்துச்சண்டை தலைக்கான அடியைத் தடை செய்வதில்லை, அதையே இலக்காக வைக்கிறது. ஹெட்கார்டு மாட்டியிருக்கிறதே என்று பெற்றோர் நிம்மதியடைகிறார்கள். அது நெற்றிக் கிழிசலையும் காது வீக்கத்தையும் தடுக்கும், மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. சர்வதேச அமெச்சூர் குத்துச்சண்டையில் மூத்த ஆண்களுக்கு 2013இல் ஹெட்கார்டையே எடுத்துவிட்டார்கள். கையுறையின் எடையும் அப்படித்தான். 16 அவுன்ஸ் கையுறை வலியைக் குறைக்கும், அதனாலேயே கூடுதல் அடிகளை வாங்க வைக்கும். எனக்கு ஒரு மாலை கன்னப்பொட்டில் விழுந்த ஹூக்கில் கண் முன் வெளிச்சம் சிதறியது. தலை கனத்தது, சுவரிலிருந்த கடிகாரத்தில் மணி பார்க்கச் சற்று நேரம் எடுத்தது. பார்த்துக்கொண்டிருந்த பயிற்சியாளர் தண்ணீர் கொடுத்து இன்னும் ஒரு சுற்று போகச் சொன்னார், நானும் போனேன். அதற்குப் பிறகு பத்து நாட்கள் வெளிச்சம் பார்த்தால் தலைவலி. முறையான போட்டியில் தலையில் அடிபட்டு நாக்-அவுட் ஆனவரைக் குறைந்தது 30 நாள் ரிங்குக்குள் விடமாட்டார்கள் என்பதும், சந்தேகம் வந்த அன்றே பயிற்சியை நிறுத்த வேண்டும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இளம் மூளை தேறுவதற்குப் பெரியவர்களைவிட அதிக நாள் எடுக்கும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். 12 வயதுப் பிள்ளைக்குப் பை அடிப்பதும், மாஸ்டர் கையிலிருக்கும் பேட் அடிப்பதும், கயிறு தாண்டுவதும் மிக நல்லவை. தலைக்கு ஸ்பாரிங் வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

டேக்வாண்டோவும் முய் தாயும் எங்கள் பட்டியலில் இல்லை என்றாலும், கேட்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2000 சிட்னி ஒலிம்பிக் முதல் பதக்க விளையாட்டாக இருக்கும் டேக்வாண்டோவில் முகத்துக்குக் குத்து கிடையாது, தலைக்கு உதை உண்டு. எனவே காலும் இடுப்பும் அற்புதமாக வளரும், கைகள் கீழே தொங்கும். முய் தாய் கை, முழங்கை, முழங்கால், கீழ்க்காலின் முன்னெலும்பு என எட்டு உறுப்புகளையும் அனுமதிக்கிறது. நின்று சண்டையிடும் கலைகளில் மிக முழுமையானது என்று நான் கருதுவது இதைத்தான். ஆனால் தலைக்கான விலை குத்துச்சண்டைக்குக் குறைந்ததல்ல.

இனி ஜூடோவும், அதன் கிளையாக வளர்ந்த ஜியு-ஜிட்சுவும். கானோவின் மாணவர் மிட்சுயோ மயேடா 1914இல் பிரேசில் போய்ச் சேர்ந்து, கிரேசி குடும்பத்துக்குக் கற்றுக் கொடுத்ததிலிருந்து பிரேசிலிய ஜியு-ஜிட்சு பிறந்தது. ஜூடோ தூக்கியெறிவதில் நிற்கிறது. ஜியு-ஜிட்சு தரையில் விழுந்த பிறகு தொடங்குகிறது. இரண்டும் அடியை விலக்கிவிட்டதால், இரண்டிலும் வகுப்புதோறும் உண்மையான எதிர்ப்போடு மோதலாம், மறுநாள் வேலைக்கும் போகலாம். 'தட்டுதல்' என்ற ஒரே ஒப்பந்தம்தான் இதைச் சாத்தியமாக்குகிறது. கை பூட்டப்பட்டாலோ கழுத்து நெருக்கப்பட்டாலோ, பாயிலோ எதிராளியின் தோளிலோ இரண்டு முறை தட்டினால், அவர் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். நான் சேர்ந்த முதல் வாரம், ஐம்பது கிலோவுக்குச் சற்று மேலிருந்த ஒரு பெண்ணிடம் ஐந்து நிமிடத்தில் நான்கு முறை தட்டினேன். அவர் மூச்சு வாங்கவே இல்லை. நான் தள்ளிய ஒவ்வொரு தள்ளலையும் வாங்கிக்கொண்டு, இடுப்பைக் கையளவு நகர்த்தி, நான் விட்ட இடைவெளியில் முழங்காலைச் செருகினார். பலமில்லாதவர் பலமுள்ளவரைச் சமாளிப்பது என்று எல்லாக் கலைகளும் சொல்வதை முதன்முறையாக என் மார்பின் மேல் உணர்ந்தது அன்றுதான்.

இவற்றுக்கும் குறைகள் உண்டு, அவற்றை மறைத்துப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. ஜியு-ஜிட்சு மட்டும் பழகியவருக்கு முகத்துக்கு வரும் குத்தைப் பற்றிய பயம் மறந்துபோகும். விரல் மூட்டுகளும் முழங்காலும் தேயும். நம் சென்னைப் புழுக்கத்தில் பாயைத் தினமும் கிருமிநாசினி போட்டுத் துடைக்காத கூடத்தில் படர்தாமரை ஒருவருக்கு வந்தால் பத்து பேருக்கு வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிற்சிக்குப் போடும் தடித்த மேலங்கி இரண்டு நாளானாலும் காயாது, காயாததைப் போட்டுக்கொண்டு வருகிறவராலும் பரவும். ஜூடோவின் ஆபத்து இன்னும் கடுமையானது. ஜப்பானியப் பள்ளிகளில் 1983க்குப் பிந்தைய முப்பது ஆண்டுக்குள் 100க்கும் மேற்பட்ட மாணவர்கள் ஜூடோவில் இறந்திருக்கிறார்கள். விழத் தெரியாத புதியவர்கள் பின்பக்கமாக எறியப்பட்டுத் தலை மோதியது அதற்கு முக்கியமான காரணம். எனவே ஜூடோ வகுப்பில் நான் பார்த்தது எறிதலை அல்ல, விழுதலை. அந்த வகுப்பில் புதிய பிள்ளைகள் முகவாயை மார்போடு ஒட்டி, கையால் பாயை அறைந்து, பின்னோக்கி விழுவதை மட்டுமே வகுப்பின் முதல் அரைமணி நேரம் செய்தார்கள். அவர்களை யாரும் எறியவில்லை. இரண்டு மாதமாக வரும் ஒரு பையனைக்கூட, பெரியவர் ஒருவர் சட்டையைக் கடைசி வரை விடாமல் பிடித்தபடி மெதுவாகத்தான் இறக்கினார். எனக்கு அங்கேயே பாதி முடிவு வந்துவிட்டது.

சிலம்பத்தை இந்த வரிசையில் வைப்பதற்கே சிலர் தயங்குவார்கள். தெருவில் யார் கம்போடு போகிறார்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி சிலம்பம் எதைக் கற்பிக்கிறது என்பதைப் பார்க்காமல் கேட்கப்படுவது. நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பு, அதைச் சுழற்றும் வீச்சு, அதற்கேற்ற காலடிச் சுவடு; கம்பு வீசும் கையைக் கால் முந்தினாலும் பிந்தினாலும் சொந்தக் கம்பே முட்டியில் அடித்துச் சொல்லிவிடும். இரண்டு கையும் சமமாகப் பழகுவது, பின்னால் நடப்பதை உணர்வது, தன் உடலைவிட நீண்ட ஒன்றின் நுனி எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே அறிவது ஆகியவற்றை நான் பார்த்த வேறெந்தக் கலையும் இவ்வளவு சிறு வயதில் கொடுப்பதில்லை. ஆனால் இங்கேயும் அதே கேள்வி நிற்கிறது. அலங்காரச் சிலம்பம் மட்டும் நடக்கும் இடத்தில் பிள்ளைகள் அழகாகச் சுற்றுவார்கள், மேடையில் கைதட்டல் வாங்குவார்கள், எதிரில் ஒரு கம்பு வந்தால் நிற்கத் தெரியாது. தொடுமுறையில் இருவர் நின்று, கம்பு நுனி உடலில் பட்டால் புள்ளி என்று ஆடும் இடத்தில்தான் அது சண்டைக்கலையாக இருக்கிறது. முன்பு நுனியில் சாந்து தடவி, எதிராளி உடலில் விழுந்த பொட்டுகளை எண்ணும் வழக்கமும் இருந்தது. பூங்காவில் கற்பிக்கும் வாத்தியார் ஞாயிற்றுக்கிழமைதோறும் தலைக்கவசம் மாட்டித் தொடுமுறை வைக்கிறார். தலையில் பட்டால் புள்ளி கிடையாது, எச்சரிக்கை மட்டும்தான் என்பது அவர் தம் வகுப்புக்கு வைத்திருக்கும் விதி. இந்த ஒரு தடைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றதும், அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் அது சேர்க்கப்பட்டதும் பெற்றோரை இழுக்கின்றன. அக்காவும் அதைத்தான் முதலில் கேட்டார். சேர்வதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆறு மாதம் கழித்து ஒரு பிள்ளை விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து போவது அதற்காக இருக்காது.

வகுப்பைப் பார்க்கப் போகும் பெற்றோர் சேர்க்கைப் படிவத்தை வாங்கும் முன் ஸ்பாரிங் நடக்கும் நாள் எது என்று கேட்டு, அந்த நாளில் போக வேண்டும். அப்படி ஒரு நாளே இல்லை என்றால் திரும்பிவிடலாம். இருந்தால், புதியவரை யாரோடு நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள். மூத்த மாணவர் புதியவரின் அளவுக்குத் தம் வேகத்தைக் குறைக்கிறாரா, அல்லது புதியவர்மீது தம் திறமையைக் காட்டிக்கொள்கிறாரா என்பதில் அந்த மாஸ்டரின் முழுக் குணமும் தெரிந்துவிடும். ஒருவருக்கு அடிபட்டால் அவர் என்ன செய்கிறார் என்பதை அதைவிடக் கவனமாகப் பாருங்கள். இதற்கு அடுத்தபடியாகத்தான் தூரம் வருகிறது. ஆனால் சென்னையில் அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. மாலை ஏழு மணிக்கு ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் மிகச் சிறந்த வகுப்பு, மூன்றாவது மாதத்தில் இல்லாத வகுப்பாகிவிடும்.

சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் என் நண்பர் ஒருவர், வயது 35, இதே கேள்வியைக் கேட்டபோது நான் சொன்ன பதில் வேறு. எடை குறைய வேண்டும், மனம் இலேசாக வேண்டும் என்றால் குத்துச்சண்டைக் கூடத்தில் சேர்ந்து பையும் பேடும் அடியுங்கள். ஸ்பாரிங் ஆசை இருந்தால் உடலுக்கு மட்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஐம்பது வயதிலும் யாரோடாவது மோதிப் பார்க்க வேண்டும் என்றால் ஜியு-ஜிட்சுவுக்கு வாருங்கள். அவர் பல்லாவரத்தில் வீட்டுக்கு அருகிலேயே கூடம் பார்த்துக்கொண்டார்.

அக்கா மகளை ஜூடோவில் சேர்த்தோம். சனி, ஞாயிறு மாலைகளில் அக்கா அழைத்துப் போகிறார். வார நாட்களில் மூன்று காலை பூங்காவில் சிலம்பம். ஞாயிறு காலைத் தொடுமுறைக்கும் அவள் போகிறாள், அது அவளாகவே கேட்டுச் சேர்த்துக்கொண்டது. மொட்டை மாடிக் கராத்தே மாஸ்டரிடம் நேரில் போய், ஸ்பாரிங் வகுப்பு தொடங்கினால் சொல்லுங்கள் என்று கேட்டு வந்திருக்கிறேன். குத்துச்சண்டை மட்டும் அவளுக்கு இன்னும் மனக்குறை. "பேட் மட்டும் அடிக்கிறேன் மாமா" என்று கேட்டதால், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஜூடோவுக்குப் பதிலாக நானே அவளைக் கூடத்துக்கு அழைத்துப் போய், பேண்டேஜ் சுற்றிவிட்டு, பேட் பிடிக்கிறேன். ரிங்குக்குள் ஏறுவதைப் பற்றி 16 வயதில் மறுபடியும் பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம்.